தாய்லாந்துத் திரையில் தன்பால் காதல்: பட்டாயா மேடையிலிருந்து துரியன் தோட்டம் வரை

கேள்வி இதுதான்: தாய்லாந்துத் தொடர்களில் இரண்டு பையன்கள் காதலிப்பது இவ்வளவு சகஜமாக வருகிறதே, அந்த நாட்டில் நிஜமாகவே அவ்வளவு சுதந்திரமா? இது எப்போது ஆரம்பித்தது? எதைப் பார்க்கலாம்? கேட்டவர் இதுவரை ‘டுகெதர்’ என்ற தொடர் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்துத் திரையில் பால்புதுமையினர் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். சிரிக்க வைக்கவும் அழ வைக்கவும் முதலில் அழைக்கப்பட்டவர்கள் திருநங்கைகள். காதல் நாயகர்களாகப் பின்னால் வந்தவர்கள் பார்க்க அழகான கல்லூரிப் பையன்கள். பெண்ணைக் காதலிக்கும் பெண்கள் அதற்கும் பிறகு. சொத்து யாருக்கு, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவது யார், அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாழ்க்கையின் கணக்கு வழக்கு கதைக்குள் நுழைந்தது ரொம்பப் பிந்தித்தான். ஒரு தாய்லாந்துப் படத்தையோ தொடரையோ நான் எடை போடுவது இந்தக் கணக்கு வழக்கை வைத்துத்தான். அது உள்ளே வராத கதை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எனக்குப் பாதிக் கதைதான்.

சட்டத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுப் படங்களுக்குப் போகலாம். தன்பால் உறவைக் குற்றமாக்கிய பழைய பிரிவு 1950களின் நடுவில் புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது நீங்கிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே யாரும் இதற்காகச் சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் குற்றமில்லை என்பதைத் தாண்டி எந்த உரிமையும் பல பத்தாண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. தெருவில், சந்தையில், அழகு நிலையத்தில், தொலைக்காட்சியில் எல்லா இடத்திலும் கத்தோய்களைப் பார்க்கலாம். திருநங்கைகளையும், பெண்மை மிளிரும் ஆண்களையும் சேர்த்துச் சொல்லும் தாய்லாந்து மொழிச் சொல் அது. சிலருக்கு அது சொந்த அடையாளம், சிலர் காதுக்கு வசை. கண்ணில் படுவார்கள், காகிதத்தில் இருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து போகிறவர்கள் அந்த நாட்டைச் சொர்க்கம் என்று நினைப்பதும், உள்ளே இருப்பவர்கள் அதை மறுப்பதும் இந்த இடைவெளியால்தான்.

1985இல் ‘தி லாஸ்ட் சாங்’ என்ற படம் வந்தது. இயக்கியவர் பிசான் அக்கரசேரனி. பட்டாயாவில் 1974இலிருந்து நடந்துவரும் டிஃபனி கேளிக்கை மேடைதான் கதையின் களம். கத்தோய் பாடகி சோம்யிங் ஒரு இளைஞனை உயிராக நேசிக்கிறாள். அவன் ஒரு பெண்ணைத் தேடிப் போய்விடுகிறான். சோம்யிங் மேடையில் தன் கடைசிப் பாடலைப் பாடி, அங்கேயே உயிரை விடுகிறாள். நடித்தவரின் பெயரும் சோம்யிங்தான். சோம்யிங் தாவ்ராய், நிஜமாகவே மேடைக் கலைஞர். ஒரு கத்தோய் தன் கதையின் நடுவில் நின்று, தானே நடித்து, மக்களைக் கண்ணீர் விட வைத்தது அன்றைக்கு சின்ன விஷயமில்லை. படம் நன்றாக ஓடியது. தொடர்ச்சி எடுத்தார்கள், 2006இல் அதே இயக்குநர் மறுபடியும் எடுத்தார்.

ஆனால் அந்தப் படம் போட்டுக் கொடுத்த தடம் நீண்ட காலம் விடவில்லை. கத்தோய் காதலித்தால் சாக வேண்டும். சாகவில்லையென்றால் சிரிக்க வைக்க வேண்டும். தொலைக்காட்சி நாடகங்களில், ‘லகோன்’ என்கிறார்களே, அவற்றில் நாயகியின் தோழியாக, பணிப்பெண்ணாக, அழகு நிலையக்காரியாக ஒரு கத்தோய் வருவாள். கீச்சுக் குரலில் இரண்டு வசனம், அழகான ஆணைப் பார்த்தால் ஒரு அலறல், அவ்வளவுதான் வேலை. அவளுக்கு வீடு எங்கே, சம்பளம் எவ்வளவு, யாரோடு சாப்பிடுகிறாள் என்று எந்த நாடகமும் கவலைப்பட்டதில்லை. போன பிறவியின் வினையால் இப்படிப் பிறந்தவர்கள் என்ற பரவலான பௌத்த நம்பிக்கையும் இதற்குத் துணை போனது. அந்த நம்பிக்கை அடிக்கச் சொல்லவில்லை, பரிதாபப்படச் சொன்னது. பரிதாபப்படுகிறவர்கள் உரிமை கொடுக்க மாட்டார்கள்.

1996இல் இரண்டு காரியங்கள் நடந்தன. லம்பாங் மாகாணத்தின் ஆண்கள் வாலிபால் அணி தேசியப் போட்டியில் வென்றது. அணியில் பெரும்பாலோர் தன்பால் ஈர்ப்பாளர்களும் கத்தோய்களும். அதே ஆண்டின் இறுதியில், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ராஜபட் கல்வி நிறுவனங்கள் தன்பால் ஈர்ப்புள்ள மாணவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று அறிவித்தன. பெரிய எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டார்கள். கோப்பை வாங்கினால் கைதட்டும் சமூகம், பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க மட்டும் விடமாட்டேன் என்றது.

அந்த வாலிபால் அணியின் கதைதான் 2000இல் வந்த ‘தி அயர்ன் லேடீஸ்’. யோங்யுத் தோங்கோங்துன் இயக்கியது. பெரிய வெற்றி; வெளிநாடுகளிலும் ஓடியது. இன்று பார்த்தால் நகைச்சுவை கொஞ்சம் பழசாகத் தெரியும். அணியில் இருக்கும் ஒரே ‘சாதாரண’ ஆணின் கண் வழியாக நம்மை உள்ளே கூட்டிப் போவதும் அந்தக் கால வழக்கம். ஆனாலும் இரண்டு விஷயத்துக்காக இந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, யாரும் சாகவில்லை. இன்னொன்று, கடைசியில் பெயர்கள் ஓடும்போது நிஜ அணியைக் காட்டுகிறார்கள். அவ்வளவு நேரம் நடிகர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம், பந்தைத் தட்டும் நிஜ மனிதர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து ‘பியூட்டிஃபுல் பாக்சர்’. தாய்லாந்தின் குத்துச்சண்டையான முவாய் தாய் வீராங்கனை பரின்யா சரோன்போன், எல்லோரும் நோங் தூம் என்று அழைப்பவர், அவருடைய வாழ்க்கை. வளையத்துக்குள் உதட்டுச்சாயத்தோடு ஏறி, ஆண்களை அடித்து வீழ்த்தி, அந்தப் பணத்தில் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். நடித்த அசானி சுவான் உண்மையான குத்துச்சண்டை வீரர். அந்த நடிப்புக்குத் தேசிய விருது வாங்கினார்.

இனி 2007. என்னைக் கேட்டால் தாய்லாந்துத் திரையில் எல்லாம் மாறியது இந்த ஆண்டில்தான். ‘லவ் ஆஃப் சயாம்’, இயக்கம் சுகியாட் சக்வீரகுல். சுவரொட்டியில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். பதின்பருவக் காதல் கதை போலத் தெரியும். பலர் அப்படி நினைத்துத்தான் டிக்கெட் எடுத்தார்கள். உள்ளே போனால் காதல் அந்த இரண்டு பையன்களுக்கும், தோங்குக்கும் மியூவுக்கும் இடையே. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்கள் உண்டு, அழுதுகொண்டே வெளியே வந்தவர்களும் உண்டு. தன்பால் காதல் படம் என்று ஒரு மூலையில் ஒதுக்கப்படாமல், குடும்பத்தோடு பார்க்கிற படமாகத் திரையரங்குக்குள் நுழைய அந்த வழிதான் அன்று இருந்தது. அந்த ஆண்டின் விருதுகளில் பெரும்பாலானவற்றை அள்ளியது, ஆஸ்காருக்கும் தாய்லாந்தின் சார்பில் போனது.

விளம்பரத் தந்திரத்தால் மட்டும் அது பெரிய படம் ஆகவில்லை. தோங்கின் அக்கா காணாமல் போயிருக்கிறாள். அப்பா குடியில் கரைந்துகொண்டிருக்கிறார். அம்மா சுனீ ஒருத்தியே வீட்டைத் தாங்கி நிற்கிறாள். ஒரு பிள்ளையை இழந்தவள், மிச்சமிருக்கும் ஒருவனையும் இழந்துவிடுவோமோ என்று அவனை இறுக்கிப் பிடிக்கிறாள். மகனின் காதல் தெரிந்ததும் மியூவைப் போய்ப் பார்த்து விலகச் சொல்கிறாள். வில்லத்தனம் துளியும் கிடையாது, வெறும் பயம். சின்ஜாய் ப்ளெங்பனிச் அந்த அம்மாவாக நடித்திருக்கும் விதத்துக்கே படத்தை இரண்டு முறை பார்க்கலாம். பிற்பாதியில் அம்மாவும் மகனும் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிக்கும் காட்சி ஒன்று. கையில் ஆண் பொம்மை ஒன்று, பெண் பொம்மை ஒன்று. எதை மாட்டுவது என்று தயங்குகிறான். உனக்கு எது நல்லதென்று படுகிறதோ அதை எடுத்துக்கொள் என்கிற மாதிரி அம்மா சொல்கிறாள். காதல், ஆண், பெண் என்ற ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. ஆசியக் குடும்பங்களில் பெரிய விஷயங்கள் இப்படித்தான் பேசப்படுகின்றன. வேறு ஏதோ வேலை செய்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

முடிவில் பையன்கள் சேரவில்லை. காதலனாக உன்னோடு இருக்க முடியாது, ஆனால் உன்மேல் அன்பு இல்லை என்று அர்த்தமில்லை என்கிறான் தோங். பலருக்கு இது வருத்தம். எனக்கு அந்த வயதுப் பையனின் உண்மையாகத்தான் படுகிறது.

இதே காலத்தில் வேறொரு பாதையும் இருந்தது. அபிச்சாட்போங் வீரசெத்தகுல், தான் தன்பால் ஈர்ப்பாளர் என்பதை மறைக்காத இயக்குநர், 2004இல் ‘டிராபிகல் மாலடி’க்குக் கான் விழாவின் நடுவர் பரிசு வாங்கினார். முதல் பாதியில் ஒரு ராணுவ வீரனும் கிராமத்துப் பையனும் சினிமா பார்ப்பதும் சுற்றுவதும். இரண்டாம் பாதியில் காடு, இருட்டு, புலி உருவில் திரியும் ஆவி. அங்கே காதலுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. உள்ளூரில் மிகக் குறைவானவர்களே பார்த்த படம், உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

2010இல் ‘இன்செக்ட்ஸ் இன் தி பேக்யார்ட்’. தன்வாரின் சுக்கபிசித் எழுதி, இயக்கி, தானே நடித்த படம். பிள்ளைகள் இரண்டு பேரை வளர்க்கும் ஒரு திருநங்கைத் தகப்பன், பாலியல் தொழிலுக்குப் போகும் பிள்ளைகள் என்று சங்கடமான கதை. நல்லொழுக்கத்துக்கு விரோதம் என்று தடை செய்தார்கள். 2008ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ் வயதுச் சான்றிதழ் முறை வந்த பிறகு முழுதாகத் தடை செய்யப்பட்ட முதல் படம். தன்வாரின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார். 2015இல் தீர்ப்பு வந்தது: மூன்று வினாடியை வெட்டிவிட்டு, இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டலாம். படம் திரைக்கு வந்தது 2017இல். மூன்று வினாடிக்கு ஏழு வருடம். கத்தோய் கோமாளியாக எந்த நேரத்திலும் வீட்டுத் தொலைக்காட்சியில் வரலாம், தகப்பனாக வந்தால் தடை. தன்வாரின் அதோடு நிற்கவில்லை. 2019இல் நாடாளுமன்ற உறுப்பினரானார், அந்த அவையில் அமர்ந்த முதல் திருநங்கைகளில் ஒருவர். அடுத்த ஆண்டு, ஊடக நிறுவனப் பங்குகள் வைத்திருந்தார் என்று அரசமைப்பு நீதிமன்றம் பதவியைப் பறித்தது.

சரி, நீங்கள் பார்த்த ‘டுகெதர்’ வகைக்கு வருகிறேன். இதன் வேர் ஜப்பானில். ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் ‘யாவோய்’ சித்திரக் கதைகள் தொண்ணூறுகளில் தாய்லாந்துக்கு வந்தன. படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பெண்கள். அவர்களே பிறகு இணையத்தில் எழுத ஆரம்பித்தார்கள். அந்த இணைய நாவல்கள்தான் தொடர்களின் மூலப்பொருள். 2013இல் ‘ஹார்மோன்ஸ்’ என்ற பள்ளித் தொடரில் ஒரு கிளைக்கதையாக இரண்டு பையன்களின் உறவு வந்தது, இளைஞர்கள் ஆர்வத்தோடு பார்த்தார்கள். அடுத்த ஆண்டே ‘லவ் சிக்’ வந்தது. பையன்களின் காதலை மையமாக வைத்த முதல் தொடர் என்று பொதுவாக அதைச் சொல்வார்கள். 2016இல் ‘சோட்டஸ்’. அப்புறம் 2020 பிப்ரவரியில் ‘டுகெதர்’ ஆரம்பித்தது, மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைந்தது. அதைத் தயாரித்த ஜிஎம்எம்டிவி நிறுவனம் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான்கு துண்டாக, ஆங்கில எழுத்தோடு யூடியூபில் இலவசமாகப் போட்டது. பிலிப்பைன்ஸில் தகாலோக் மொழியில் பேசவைத்துத் தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். தாய்லாந்து அரசின் வணிகத் துறைக்கும் இது ஏற்றுமதிச் சரக்காகத் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

இந்தத் தொடர்களை இகழ்ந்து பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பெண்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட காதல் கதைகள் அவை. அந்த ஆசையில் தப்பே இல்லை. எந்த ஊரிலோ தனியாக அறையில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு, தன்னைப் போன்றவன் சிரித்துக்கொண்டே முடிகிற கதை ஒன்று கிடைத்தது. அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

ஆனால் அதன் பழக்கங்களையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பகாலத் தொடர்களில் நாயகன் திரும்பத் திரும்பச் சொல்வது: எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும். கேட்க இனிமைதான், ஆனால் அந்த வாக்கியத்துக்குள் தன்பால் ஈர்ப்பாளர் என்று ஒருவருமே இல்லை. இரண்டு ஆணில் ஒருவன் ‘புருஷன்’, இன்னொருவன் ‘பெண்டாட்டி’ என்று பிரிப்பது இன்னொரு பழக்கம். ‘சோட்டஸ்’ முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கல்லூரியில் சீனியர்கள் புதுமாணவர்களை மிரட்டி வதைக்கும் சடங்கு நடக்கிறது. ஜூனியர் கோங்போப், எல்லோர் முன்னாலும் சீனியர் ஆர்த்தித்தைப் பார்த்து, உன்னை என் பெண்டாட்டி ஆக்கிக்கொள்வேன் என்கிறான். அவமானப்படுத்துவதற்காகச் சொல்வது. ஆணைப் பெண்டாட்டி என்றால் அவமானம் என்பதில் பெண்களைப் பற்றிய பார்வையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிந்தைய அத்தியாயங்களில் அந்தத் தொடர் ராகிங்கை நிதானமாகக் கேள்வி கேட்கிறது, அதை நான் மறுக்கவில்லை. வேறு சில தொடர்களில் வன்புணர்வையே காதலின் தொடக்கமாகக் காட்டினார்கள். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நடிகர்களின் நிலைமை எனக்குக் கூடுதல் கவலை. ஜோடியாக நடிக்கும் இருவரை வெளியிலும் ஜோடியாகவே வைத்து விற்கிறார்கள். ரசிகர் சந்திப்பு, விளம்பரம், மேடையில் தோளில் கை. ‘கூ ஜின்’ என்பார்கள். ரசிகர்கள் மனத்தில் சேர்த்து வைக்கும் ஜோடி. அதில் ஒருவருக்குக் காதலி இருப்பது தெரிந்தால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். நிஜமாகவே தன்பால் ஈர்ப்புள்ள நடிகர் அதை வெளியே சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. எந்த ரசிகையின் கற்பனையையும் கலைக்காமல் இருப்பதுதான் அவர் தொழில். தன்பால் காதலைக் காட்டிச் சம்பாதிக்கும் ஒரு துறையில், தான் யாரென்று வெளிப்படையாகச் சொன்ன முன்னணி நடிகர்கள் குறைவு.

2020க்குப் பிறகு நல்ல மாற்றம் வந்தது. ‘ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ’, ஐந்தே அத்தியாயம். நருபேத் குனோ இயக்கியது. பூக்கெட்டின் பழைய நகரம், ஹொக்கியன் சீன வம்சாவளிக் குடும்பங்கள். தே என்ற பையனின் அம்மா நூடுல்ஸ் கடை வைத்து இரண்டு மகன்களை வளர்க்கிறாள். தே சீன மொழி நன்றாகப் படிப்பவன். சின்ன வயதில் சண்டை போட்டுப் பிரிந்த ஓ-ஏவ்வுக்குப் பல்கலைக்கழக நுழைவுக்காகச் சீனம் சொல்லித்தர ஆரம்பிக்கிறான். இதில் ‘உன்னை மட்டும்தான்’ என்கிற தப்பித்தல் இல்லை. தே தன்னைப் பார்த்துத் தானே பயப்படுகிறான், அந்தப் பயத்தில் ஓ-ஏவ்வைக் காயப்படுத்துகிறான். ஓ-ஏவ் தனியறையில் கண்ணாடி முன் ஒரு சிவப்பு உள்ளாடையை, பெண்கள் அணிவதை, மாட்டிப் பார்க்கும் காட்சி ஒன்று வரும். தே பெண்ணைத்தான் விரும்புவான் என்றால் தான் என்ன ஆக வேண்டும் என்று அந்த உடம்பு கேட்கிறது. வசனமில்லை. பிறகு தே தன் அண்ணனிடம் உடைந்து அழுகிறான், அண்ணன் அவனைக் கட்டிக்கொள்கிறான். பார்த்து முடித்ததும் அண்ணன் தம்பி இருப்பவர்கள் ஒரு போன் போட்டுவிடுவார்கள்.

‘பேட் பட்டி’ (2021) வேறு விதத்தில் எனக்குப் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து வீடு, பரம்பரைப் பகை, இரண்டு வீட்டுப் பையன்கள். பெற்றோருக்குப் பிரச்சினை அவன் ஆண் என்பது இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை என்பது. ‘யார் புருஷன், யார் பெண்டாட்டி’ என்ற பழைய வழக்கத்தை அந்தத் தொடர் வேண்டுமென்றே கேலி செய்து ஒதுக்குகிறது. அதே ஆண்டின் கடைசியில் வந்த ‘நாட் மீ’யில் தெருப் போராட்டமும் சம திருமண உரிமைக் கோரிக்கையும் கதைக்குள்ளேயே வந்துவிட்டன. இயக்கியவர் அனுச்சா பூன்யவதனா, திருநங்கை. அவருடைய 2017ஆம் ஆண்டுப் படம் ‘மலிலா’வையும் தவறவிடாதீர்கள். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவன் ஒருவன், சடங்குக்கு வாழையிலையும் பூவும் கொண்டு ‘பாய்சீ’ அலங்காரம் செய்பவன் இன்னொருவன், செய்பவனுக்குப் புற்றுநோய். இலையை மடித்து, ஊசி குத்தி, மல்லிகையைக் கோத்து ஒரு பாய்சீ செய்து முடிக்க எத்தனையோ மணி நேரம். சடங்கு முடிந்ததும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கைவேலையைக் கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பிற்பாதியில் மற்றவன் துறவியாகிப் பிணத்தின் முன் தியானம் செய்கிறான். தொலைக்காட்சி நாடகத்தின் பெரிய நாயகன் சுகோல்லவத் கனரோத் இதில் நடிக்க ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

பெண்களின் கதை வெகு தாமதம். ஆண் உடையில் இருக்கும் ‘டாம்’ பெண்கள் தாய்லாந்தில் எந்தக் கல்லூரியிலும் உண்டு, திரையில் ஓரமாகத்தான் இருந்தார்கள். 2010இல் சரசவதி வோங்சோம்பேத் என்ற பெண் இயக்குநரின் ‘யெஸ் ஆர் நோ’ வந்தது. விடுதி அறையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அம்மா சொல்லிக்கொடுத்த டாம் வெறுப்பு, வந்து சேர்ந்தவளோ பார்க்க டாம். சின்ன பட்ஜெட், பெரிய வெற்றி. அதற்குப் பிறகும் தொலைக்காட்சி பன்னிரண்டு வருடம் காத்திருந்தது. 2022 நவம்பரில் ‘கேப்’ தொடங்கியது. அரச வம்சப் பட்டமுள்ள முதலாளி சாம், அவளிடம் வேலைக்கு வரும் மோன், நடுவில் பாட்டியின் அதிகாரம். யூடியூபில் அதன் வரவேற்பைப் பார்த்த பிறகுதான் பெரிய சேனல்கள் பெண்கள் காதல் தொடர்களில் பணம் போட்டன. கேட்க ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது பொய்யென்று ஆனது.

இனி நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் படம். ‘தி பாரடைஸ் ஆஃப் தார்ன்ஸ்’, 2024 ஆகஸ்ட். இயக்கம் அதே நருபேத் குனோ. மே ஹோங் சோன் மலைப்பகுதியில் தோங்காம், செக் என்ற இருவர் சேர்ந்து ஒரு துரியன் தோட்டத்தை உருவாக்குகிறார்கள். நிலத்தின் கடனை அடைத்தது தோங்காமின் உழைப்பு. பத்திரத்தில் இருப்பது செக்கின் பெயர். செக் விபத்தில் இறந்துவிடுகிறான். மறுநாளிலிருந்து தோங்காம் அந்த வீட்டில் யாரோ. சட்டப்படி வாரிசு செக்கின் அம்மா. அவள் தன்னை இத்தனை காலம் பார்த்துக்கொண்ட வளர்ப்பு மகள் மோவையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறாள். அங்கிருந்து படம் ஒரு சொத்துச் சண்டை.

இந்தப் படத்தின் பலம், யாரையும் புனிதராக்காதது. தோங்காம் சூழ்ச்சி செய்கிறான், பொய் சொல்கிறான். மோவுக்கும் அவள் பக்கத்து நியாயம் இருக்கிறது. ஒரு கிழவிக்கு வருடக்கணக்கில் பீ மூத்திரம் அள்ளியவளுக்குச் சட்டத்தில் என்ன இடம்? அவளுக்கும் காகிதம் இல்லை, அவனுக்கும் காகிதம் இல்லை. முள்ளுள்ள பழத்தைக் கயிறு கட்டி இறக்குவது, எடை போடுவது, விலை பேசுவது என்று தோட்டத்து வேலை முழுக்கப் படத்தில் இருக்கிறது. அதனால்தான் இழப்பு எவ்வளவு என்று பார்ப்பவருக்குக் கண்ணெதிரே தெரிகிறது.

படம் திரைக்கு வந்த நேரமும் முக்கியம். சம திருமணச் சட்டம் மார்ச்சில் கீழவையில் 400க்கு 10 என்று நிறைவேறியது, ஜூன் 18இல் செனட்டில். செப்டம்பரில் அரசிதழில் வெளியாகி, 2025 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் என்று இருந்த இடத்தில் இரு நபர்கள் என்று மாறியது. தென்கிழக்கு ஆசியாவிலேயே முதல் நாடு. முதல் நாளே 1,800க்கும் மேற்பட்ட ஜோடிகள் பதிவு செய்தார்கள், நடிகர்கள் அபிவத்தும் சப்பன்யூவும் அவர்களில் ஒரு ஜோடி. இன்று தோங்காமும் செக்கும் பதிவு அலுவலகம் போயிருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காது.

தொடர்களால்தான் சட்டம் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் மனு எழுதி, வழக்குப் போட்டு, தெருவில் நின்றவர்களின் வேலை அது. தொடர்கள் அவர்களுக்கு வசதியான சூழலைக் கொடுத்தன, அவ்வளவு சொல்லலாம்.

கடைசியாக, திருநங்கைகள். திரையில் முதலில் வந்தவர்கள் அவர்கள்தானே, அவர்களுக்கு என்ன கிடைத்தது? அடையாள அட்டையில் இன்னும் ‘திரு’ என்றே இருக்கிறது. அதை மாற்ற வந்த மசோதா ஒன்றை 2024 பிப்ரவரியில் கீழவை நிராகரித்தது. அடுத்த மாதம் திருமணச் சட்டத்துக்குக் கை தூக்கிய அதே அவை. இருபத்தோரு வயதில் ஏப்ரல் மாதம் ராணுவ ஆள்சேர்ப்புக்கு அவர்களும் வரிசையில் நிற்க வேண்டும். விலக்குக் கொடுக்கும் சான்றிதழில் ‘நிரந்தர மனநோய்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், 2011இல் நிர்வாக நீதிமன்றம் சொல்லித்தான் அந்த வார்த்தை மாறியது. தொலைக்காட்சியில் ‘தி லீவ்ஸ்’ (2019) ஒரு திருநங்கையை மைய நாயகியாக்கி, வீட்டுக்குள் அவள் சின்ன வயதில் பட்ட கொடுமையைச் சொன்னது, ஊரே பார்த்தது. ஆனால் அந்த வேடத்தில் நடித்தவர் பிறப்பால் பெண்ணான நட்சத்திரம். 1985இல் சோம்யிங் தாவ்ராய் தானே நடித்தார். முப்பத்து நான்கு வருடம் கழித்துத் திருநங்கை வேடம் ஒரு திருநங்கைக்குக் கிடைக்கவில்லை. எத்தனை நூறு தொடர் வந்தாலும் இந்தக் குறை எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ‘டுகெதர்’ பிடித்திருந்தால் அடுத்து ‘பேட் பட்டி’. கை வைத்தால் முடிக்காமல் எழ மாட்டீர்கள். பிறகு ‘ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ’. அதன் பின் ‘லவ் ஆஃப் சயாம்’. இயக்குநரின் நீளமான வடிவம் கிடைத்தால் அதையே பாருங்கள், அம்மாவுக்கு அதில் இன்னும் இடம் இருக்கிறது. ‘தி பாரடைஸ் ஆஃப் தார்ன்ஸ்’ஸை வீட்டில் சொத்துத் தகராறு பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், தன்பால் காதல் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லாதவர்கள்கூடப் பத்து நிமிடத்தில் கட்சி சேர்ந்துவிடுவார்கள். ‘மலிலா’வுக்கும் ‘டிராபிகல் மாலடி’க்கும் அவசரம் வேண்டாம், அவை மெதுவான படங்கள், தூக்கமில்லாத, வேலையில்லாத ஓர் இரவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.